தரைப்பாலத்துச் சங்கிலி அக்கா

எங்கள் ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது. மணலும் முள்ளும்தான். ஆடு மேயும், பையன்கள் பந்து அடிப்பார்கள், வேலையில்லாதவர்கள் சீட்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். ஆற்றின் குறுக்கே கிடந்த தரைப்பாலத்தைப் பார்த்தால் புது ஆட்கள் அதைப் பாலம் என்றே நம்பமாட்டார்கள். கைப்பிடிச் சுவர் கிடையாது. மணலோடு மணலாக ஒரு சிமென்ட் ரோடு, அடியில் வரிசையாகக் குழாய்கள், அவ்வளவுதான். வீடுகளெல்லாம் இக்கரையில். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பஸ் நிலையம் எல்லாம் அக்கரையில். படுக்கை இங்கே, பிழைப்பு அங்கே என்று அந்த ரோட்டின் மேல்தான் எங்கள் காலம் ஓடியது.

மழைக்காலத்தின் முதல் பெருமழை விழுகிற அன்றைக்கு அதே ரோடு எமனாகிவிடும். நம் தலையில் ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மேற்கே மலையில் கொட்டினால் போதும். நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் முறிந்த கிளையுமாகப் பழுப்புத் தண்ணீர் ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோல வந்துவிடும். மழைக்காலத்தின் நடுவில் வருகிற வெள்ளத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள். முதல் தண்ணீருக்குத்தான் யாரும் பயப்படமாட்டார்கள். நேற்று வரைக்கும் ஆடு மேய்ந்த இடம்தானே என்று காலை வைத்துவிடுவார்கள்.

அப்படிக் கால் வைக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் சங்கிலி அக்காவின் வேலை. இக்கரை முனையில் ஒரு தகர ஷெட், அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு ஸ்டவ், சுவரில் தொங்கும் போன், ஒரு விசில். வெளியே ரோட்டின் இரண்டு பக்கமும் இரும்புத் தூண், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் பூட்டுகிற மாதிரி மணிக்கட்டுப் பருமனில் சங்கிலி. தண்ணீருக்குள் நிற்கிற அளவுக் கல்லில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். கோடு முங்கினால் பூட்ட வேண்டும். அக்கா போன் செய்ததும் அக்கரைக் காவலரும் தன் பக்கத்துச் சங்கிலியைப் பூட்டுவார்.

அக்கா கோடு முங்கும்வரைகூடக் காத்திருக்கமாட்டாள். தண்ணீர் கோட்டைத் தொட்டாலே விசில் கிளம்பிவிடும். "நம்ம அக்கா வெயிலுக்கே சங்கிலி போடுற ஆளு" என்று கேலி செய்வார்கள். "வானத்துல மேகம் ஏப்பம் விட்டாப் போதும், பூட்டிருவா" என்பார் டீக்கடைக்காரர். அவளும் சிரித்துக்கொள்வாள். ஒருமுறை பெரிய கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி, "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம் சார்? ஆத்துக்குல்ல தெரியணும். இறங்கி அதுகிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றாள் அக்கா.

கார் வந்த வழியே திரும்பிப் போனது. அந்தப் பேச்சை நாங்கள் ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் அவள் ஏன் அப்படி இருந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஷெட்டில் முதலில் வேலை பார்த்தவர் அவள் புருஷன். நல்ல மனுஷன். யார் முகம் வாடினாலும் தாங்கமாட்டார். அப்படித்தான் ஒரு முதல் மழையில், சைக்கிளில் வந்த ஒருவன், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்கு அக்கரைக்குப் போயே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்து அழுதிருக்கிறான். முன்பின் தெரியாதவன். இவர் பூட்டைத் திறந்தார். திறந்ததோடு நில்லாமல், "நான் முன்னால நடக்கிறேன், என் பின்னாலயே வா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியில் ரோடு அரித்துப் போயிருந்தது மேலே நின்றவர்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு பேரையும் ஆற்றில் வெகுதூரம் கீழே, நாணலுக்குள் இருந்து எடுத்தார்கள்.

அப்போது அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. புருஷன் வேலையை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அவர் போட்டிருந்த ரெயின்கோட்டே அவளுக்கும் வந்தது. தோள் இறங்கி, கை நீண்டு, அதற்குள் அவள் சின்னப் பிள்ளை மாதிரி இருப்பாள். புருஷனைக் கொண்டுபோன தண்ணீரைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய வேலை. "வேற வேலை கேட்டிருக்கலாமே அக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "இன்னொருத்தர் வந்தா திறந்துருவாங்களோன்னு எனக்குத் தூக்கம் வராதுடி" என்றாள்.

நான் அப்போது அக்கரையில் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏ மருந்துக்கடை" என்றுதான் கூப்பிடுவாள். போகும்போதும் வரும்போதும் ஷெட்டில் ஒரு வாய் டீ உண்டு. மகள் வளர்ந்து, ஆட்டோ ஓட்டுகிற ஒரு பையனைக் கட்டிக்கொண்டு, அடுத்த தெருவிலேயே குடியிருந்தாள். சத்தமாகப் பேசுகிற, சத்தமாகச் சிரிக்கிற பெண். தினமும் ஷெட்டுக்கு வந்து அம்மாவோடு வம்பிழுப்பாள். "ஏம்மா, உனக்கு ஆறு பக்கத்துல, மக தூரத்துலயா?" என்பாள். "ஆறாவது வருஷத்துல பாதி நாள் சும்மா கிடக்கும், உன் வாய் கிடக்குமா?" என்பாள் அக்கா. மகள் உண்டானதும் அந்த வம்பு இன்னும் கூடியது. பிறக்கப் போகிற குழந்தைக்காக அக்கா ஷெட்டில் உட்கார்ந்து பழைய சேலைகளைக் கிழித்து மெத்தென்ற துணிகளாகத் தைத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் போல இருந்தது.

அந்த வருஷம் வெயில் எங்களை வாட்டி எடுத்துவிட்டது. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. ஒரு நாள் மத்தியானம், நான் வேலைக்குக் கிளம்பி வந்தபோது, மேற்கே வானம் கன்றிப்போன காயம் மாதிரி கறுத்துக் கிடந்தது. காற்று நின்றது. பிறகு மண்வாசனை, அதன் பின்னாலேயே மழை. சாரல், தூறல் என்ற பேச்சே இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. எதிரில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை. தெருவில் பிள்ளைகள் குதித்தன, பெரியவர்கள்கூட வாசலில் நின்று கையை நீட்டி நனைந்தார்கள். நான் பாலத்துக்கு வந்து சேருவதற்குள் அக்காவின் விசில் கேட்டுவிட்டது.

சங்கிலி பூட்டியிருந்தது. ஆறு வந்துவிட்டிருந்தது. ரோட்டின் மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. சிவப்புக் கோடு முங்கி, அதற்கு மேலே ஒரு சாண் கல் மட்டும் தெரிந்தது. பைக்குகள், காய்கறி வண்டி, ஒரு வேன், எங்களைப் போல நடந்து வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் தேங்கி நின்றது.

அப்போதுதான் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு அந்த ஆட்டோ வந்தது. மருமகன் குதித்து இறங்கினான்.

"அத்தை, அவளுக்கு வலி வந்துருச்சு. ரத்தமும் போகுது. திறங்க, திறங்க!"

அக்கா ஓடிப்போய் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினாள். மகள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. அக்கா அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள், நெற்றியைத் துடைத்தாள். பிறகு திரும்பி அளவுக் கல்லைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

"அத்தை, பாதிச் சக்கரம்தான் முங்கும். நான் ஓட்டிருவேன். எனக்குத் தெரியும்" என்றான் மருமகன்.

கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, திறந்து விடு அக்கா" என்றார் ஒருவர். "முதல் தண்ணிய்யா, அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் இன்னொருவர். அக்கா ஷெட்டுக்குள் ஓடி போனை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஆம்புலன்ஸைப் பெரிய பாலம் வழியாக எதிரே அனுப்பச் சொன்னாள். பெரிய பாலம் ஆற்றின் மேல்பக்கத்தில் வெகுதூரம் தள்ளி இருந்தது. சுற்றிப் போனால் நல்ல நாளிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே வந்து, "சுத்திப் போங்க தம்பி. ஆம்புலன்ஸ் எதிர்ல வருது. நேரம் கடத்தாதீங்க" என்றாள்.

மகள் உள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள். எங்கிருந்து அவளுக்கு அவ்வளவு தெம்பு வந்ததோ தெரியாது. மழைச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது.

"அம்மா! எங்கப்பா யாருன்னே தெரியாதவனுக்குத் திறந்து விட்டாரு. நீ எனக்குத் திறக்க மாட்டியா?"

அவர் திறந்ததால்தானே நீ அப்பா இல்லாமல் வளர்ந்தாய் என்று அக்கா சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் மத்தியில், அந்த வலியில் கிடந்த மகளிடம் அதை எப்படிச் சொல்வாள்? சாவி இருந்த இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று.

பிறகு என்னைப் பார்த்தாள். "ஏ மருந்துக்கடை, நீ கூடப் போடி. நான் இந்த இடத்தை விட்டு நகர்ந்தா எவனாவது பூட்டை உடைச்சிருவான். நீ போடி, கும்பிடுறேன்."

நான் ஏறிக்கொண்டேன். ஆட்டோ திரும்பியது. பின்னால் பார்த்தபோது, அந்தப் பெரிய ரெயின்கோட்டுக்குள் அவள் சங்கிலிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

அந்தப் பயணத்தை நான் விரிவாகச் சொல்லப்போவதில்லை. ரோடு முழுக்கக் குழி, குழி முழுக்கத் தண்ணீர். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் கையைப் பிடித்து நெரித்தாள். பெரிய பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. நர்ஸ் கிளைகளுக்குள் நுழைந்து, முழங்கையெல்லாம் கீறலோடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தாள். அதற்குள் குழந்தை ஆட்டோவிலேயே என் மடியில் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. நர்ஸ் அதைக் கவிழ்த்துத் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள், நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தினாள். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மருமகன் ஆட்டோவின் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று ஆஸ்பத்திரியில் மருமகன் டாக்டர் அம்மாவிடம் கேட்டான். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதுப்பா" என்றார் அவர். அந்த "இருக்கலாம்" என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எரியலாம்.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. மலையில் மழை அதோடு நின்றுவிட்டது. ஆற்றில் தண்ணீர் அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் கோடு வெளியே தெரிந்து, பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ரோட்டில் எங்கேயும் அரிப்பு இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ரோட்டின் மேலேயே நடந்துதான் வீட்டுக்குத் திரும்பினேன். ஈரம் மட்டும் இருந்தது.

அக்கா ஷெட்டு வாசலில் நின்றிருந்தாள். போனில் செய்தி வந்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும் போல நின்றாள்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு அக்கா."

"யாரு மாதிரி?"

"உங்க மூக்கு" என்றேன். அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. தைத்து வைத்திருந்த துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, திரும்ப மடித்து, திரும்ப உதறி மடித்துக்கொண்டே இருந்தாள்.

பத்திரிகைக்காரர் யாரோ கேள்விப்பட்டு, மகளுக்கும் திறக்காத கடமை வீராங்கனை என்று அவள் படத்தோடு போட்டுவிட்டார். அக்கா அவரிடம் பேசவும் இல்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை. அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி வந்து, கூட்டம் போட்டுப் பாராட்டப் போவதாகச் சொன்னார். "என் பேத்தி செத்ததுக்கா சார் கைதட்டப் போறீங்க?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. ஆனால் அந்தப் பத்திரிகை மகள் கைக்குப் போய்விட்டிருந்தது.

மகள் வீடு திரும்பிய பிறகு அக்கா பார்க்கப் போனாள். நானும் கூட இருந்தேன். மகள் சண்டை போடவில்லை. கத்தவில்லை. "உட்காருங்க" என்றாள். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து வாம்மா, போம்மா, நீ, உனக்கு என்று பேசிய பெண். அந்த "ங்க" ஒன்றாலேயே அவள் தன் தாயை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். அக்காவுக்கு அது புரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். எதிரிகூட மரியாதையாகப் பேசினால் நமக்குப் பெருமை. பெற்ற பிள்ளை பேசினால் அது தண்டனை.

மகள் ஷெட்டுப் பக்கம் வருவதை விட்டாள். அக்கரைக்குப் போக வேண்டியிருந்தால், தண்ணீரே இல்லாத நாளிலும் பஸ் பிடித்துப் பெரிய பாலத்தைச் சுற்றிப் போனாள். மருமகன் மட்டும் வருவான். ஒரு நாள், நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அத்தை, நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அவகிட்ட உங்களுக்காகப் பேசவும் என்னால முடியல."

"வேண்டாம் தம்பி. அவ பக்கம் ஒரு ஆள் நிக்கட்டும். நீங்க அங்கேயே நில்லுங்க" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களிலும் அவள் விசில் முன்பு மாதிரியேதான் கேட்டது. ஒரு தடவைகூடத் தாமதமில்லை. கேலி பேசுகிறவர்கள் மட்டும் இல்லாமல் போனார்கள். சில வருஷம் கழித்து, ஒரு கோடையில், மகளுக்கு ஒரு பையன் பிறந்தான். அக்கா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போய் நின்றாள். மகள் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கடைசியில் குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, "தலையைத் தாங்கிப் பிடிங்க" என்றாள். அக்கா தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மகள் கையை நீட்டினாள், இவள் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு ஆற்றின் மேல் உயரமான பாலம் ஒன்று வந்தது. ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள். அக்காவை ஆபீஸில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஈரத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவள் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. வேலையிலிருந்து நின்ற மறு வருஷமே மூச்சு வாங்கிப் படுத்துவிட்டாள். ஒற்றை அறை வீடு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். நான் கடையிலிருந்து மருந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். மகள் தினமும் காலையில் வந்து, துணி துவைத்து, உடம்பு துடைத்து, சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவாள். எல்லாம் சரியாகச் செய்வாள். பேச்சு மட்டும் கிடையாது.

மழைக்காலம் தொடங்கிய நாள் ஒன்றில் நான் அங்கே இருந்தேன். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. மகள் ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மத்தியானம் திரும்ப வந்தா, நான் ஆட்டோவுல அப்படியே கிடந்தா, இப்பத் திறப்பீங்களா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். அக்கா மூச்சைச் சேர்த்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

மகள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும். என் பையன் பிறந்தப்புறம் நானும் யோசிச்சுப் பார்த்தேன். உங்க இடத்துல நான் இருந்தா நானும் திறந்திருக்க மாட்டேன். இவ்வளவும் தெரியுது. தெரிஞ்சும் என்னால மன்னிக்க முடியல. நான் என்ன செய்ய?"

"மன்னிக்க வேண்டாம்மா" என்றாள் அக்கா. "அதை விட்டுடு. இப்படி வந்துட்டு வந்துட்டுப் போ. அது போதும் எனக்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவும் அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன பாலைச் சுட வைக்க எழுந்து போனாள்.

அதற்குப் பிறகும் அவர்கள் பெரிதாகப் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் காலையில் மட்டும் வந்துகொண்டிருந்தவள் சாயங்காலமும் வர ஆரம்பித்தாள். வேலை எதுவும் இல்லாதபோதும் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருப்பாள், பையன் தரையில் விளையாடுவான். மழை முடிந்து, பனி முடிந்து, வெயில் ஏறுகிற சமயத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். நான் போனபோது மகள் அவளைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தாயின் ஈரத் தலையை மடியில் தூக்கி வைத்து, சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். "இழுத்துச் சீவினா வலிக்கும்னு இவங்க சொல்லுவாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாள்.